மரம் வெட்டத் தெரிந்தவர்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நகர மரங்களின் பராமரிப்பு குறித்து நிகழ்த்தப்பட்ட உரை)



பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். காலையில் யாராவது வீட்டு வாசலில் நின்று, "அம்மா எங்கே?" என்று கேட்டால், "மரம் வெட்டப் போயிருக்காங்க" என்று பிள்ளைகள் பதில் சொல்வார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் அதைக் கேட்டால் பயந்துவிடுவார். ஓர் அம்மா எப்படி மரத்தைச் சாய்ப்பார்? ஆனால் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் மரத்தைச் சாய்ப்பது அல்ல. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், பட்டையை மெல்லிய நாடாவாகச் சீவி, மங்கில் பால் இறக்குவதுதான் மரம் வெட்டுவது. அதே மரத்தை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேலும் வெட்டியாக வேண்டும். ஆகவே மரம் சாகக் கூடாது.

அந்தச் சொல் ஈப்போ நகரத்துக்கு வந்ததும் பொருள் மாறிவிட்டது. இங்கே மரம் வெட்டுவது என்றால் லாரி வரும், இயந்திர வாள் வரும், மாலைக்குள் நிழல் போய்விடும்.

ஈப்போவின் பெயரே ஒரு மரத்தின் பெயர் என்பதைப் பலரும் அறிவார்கள். ரயில் நிலையத்தின் எதிரே நிற்கும் அந்த ஈப்போ மரத்தின் பாலை ஓராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்புகளில் தடவி வேட்டையாடினார்கள். கொடிய நஞ்சு. ஆனால் இதே மரம் தென்னிந்தியக் காடுகளிலும் உண்டு என்பதும், அங்கே இதன் பட்டையை அடித்துத் துணியாக்கியதால் மரவுரி மரம் என்று தமிழில் பெயர் பெற்றது என்பதும் பலருக்குத் தெரியாது. 1988 மே 27-ஆம் தேதி மாநகர் தகுதி பெற்ற இந்த ஊர், மரங்களை எப்படி நடுவது, எப்படிக் கழிப்பது, எப்படிக் காப்பாற்றுவது என்று எங்கே கற்றுக்கொள்ளப் போகிறது? வெளிநாட்டு நூல்கள் இருக்கின்றன, பயிற்சிகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பாடத்தின் முக்கியமான பாதி, புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் தாமான் வீடுகளின் திண்ணையில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் முன்னாள் தோட்டத் தொழிலாளர்களின் கையில் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. அவர்களும் அதை ஒரு கல்வி என்று நினைப்பதில்லை.

கோலகங்சாரின் ஒன்பது கன்றுகள்

1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அங்கே முளைத்த கன்றுகளில் சில 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்தன. அப்போது பேராக்கின் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ அவற்றைத் தம் இருப்பிடத்தில் நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சார் மாவட்ட நில அலுவலகத்தின் அருகே இன்னும் காக்கப்படுகிறது.

மரம் வந்துவிட்டது, ஆனால் பால் எடுக்கும் வழி தெரியவில்லை. அமேசான் காட்டில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்திய இடமெல்லாம் புண்ணாகி முடிச்சு விழுந்தது. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி 1890-களில் வேறு வழி கண்டார். கொத்தாமல், ஒரே கோட்டின் கீழ் விளிம்பை நாள்தோறும் மெல்லியதாகச் சீவினால் பால் வரும், சீவிய இடத்தில் புதுப் பட்டையும் வளரும் என்று நிறுவினார். சட்டைப் பையில் ரப்பர் விதைகளை வைத்துக்கொண்டு தோட்ட முதலாளிகளிடம் நடச் சொல்லிக் கெஞ்சியதால் அவரைப் பைத்தியக்காரர் என்றார்கள். அந்தப் 'பைத்தியக்காரர்' நூறு வயதைக் கடந்து 1956-இல் காலமானார்.

முறையை ரிட்லி சொன்னார். அதை லட்சக்கணக்கான மரங்களில், இருட்டில், மழை ஈரத்தில், தினம் தினம் செய்து காட்டிய கைகளில் பெரும்பகுதி தமிழர்களின் கைகள்.

அந்தக் கை என்ன செய்தது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டு. கேம்பியம் என்று அறிவியலில் சொல்வார்கள். மரத்தைப் பருக்க வைப்பதும், புதுப் பட்டையை உண்டாக்குவதும் அந்தப் படலம்தான். பால் குழாய்கள் அந்தப் படலத்துக்குப் பக்கத்தில்தான் அதிகம். ஆகவே ஆழமாகச் சீவினால்தான் பால் நிறைய வரும். ஆனால் கத்தி படலத்தைத் தொட்டுவிட்டால் அங்கே புதுப் பட்டை ஒழுங்காக வராது. மேடும் பள்ளமுமாக வீங்கிவிடும். பிற்காலத்தில் அந்த இடத்தை மறுபடியும் வெட்ட முடியாது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு நிறுத்த வேண்டும். அளவுகோல் கிடையாது. மணிக்கட்டுதான் அளவுகோல். கங்காணியும் கிராணியும் பின்னால் வந்து மரத்துக்கு மரம் 'காயம்' இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இந்த ஒரே விஷயம், கேம்பியத்தைக் காயப்படுத்தாதே என்பது, நகர மரப் பராமரிப்பின் முதல் பாடம்.

மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து உள்ளே பார்த்தவர். 1970-களில் அவர் சொன்ன கருத்து மர மருத்துவத்தையே மாற்றியது. மனிதனுக்கு வெட்டுக்காயம் பட்டால் பழைய சதையின் இடத்தில் புதுச் சதை வருகிறது. மரத்தின் கட்டைக்கு அப்படி நடப்பதில்லை. காயம்பட்ட பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்து, வெளியே புதுக் கட்டை வளர்த்து மூடிவிடுகிறது. பழைய காயம் உள்ளேயே இருக்கும், மரம் உள்ள காலம்வரை. சுவர் எழுப்ப மரத்துக்குச் சக்தி வேண்டும். காயம் அதிகமானால், இலை குறைந்தால், சக்தி போதாது. அழுகல் முந்திக்கொள்ளும்.

இப்போது நம் தாமான் சாலை ஓரத்துக்கு வாருங்கள். புதிதாக நட்ட கன்று ஒன்று நிற்கிறது. புல் வெட்டுபவர் முதுகில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு வருகிறார். சுழலும் நைலான் கயிறு கன்றின் அடிப்பட்டையில் பட்டுப் பட்டெனத் தெறிக்கிறது. ஒவ்வொரு முறை புல் வெட்டும்போதும் இதேதான். பட்டை சுற்றிலும் உரிந்துவிட்டால், இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்க வழியில்லை. வேர் பட்டினி கிடக்கிறது. பல மாதம் கழித்துக் கன்று வாடும்போது வெயில் என்பார்கள், உரம் போதவில்லை என்பார்கள். நகரங்களில் இளம் மரங்கள் சாவதற்கு இது மிகச் சாதாரணமான காரணம்.

வேதனை என்னவென்றால், அந்த இயந்திரத்தைச் சுமப்பவர் பல நேரங்களில் பால் வெட்டிய குடும்பத்தின் பிள்ளைதான். அவருடைய பாட்டி அந்தக் காயத்தைத் தொலைவிலிருந்தே கண்டுபிடித்திருப்பார். பேரனிடம் மணிக்கு இத்தனை மீட்டர் புல் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை.

தீர்வு மலிவானது. கன்றைச் சுற்றி அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை புல்லே இல்லாமல் வட்டம் எடுத்து, காய்ந்த இலை, மரச்சிராய் ஆகியவற்றை நாலு விரல் உயரத்துக்குப் பரப்ப வேண்டும். அடிமரத்தை அது தொடக் கூடாது, உள்ளங்கை அகலத்துக்கு இடம் விட வேண்டும். மலை போலக் குவித்து அடிமரத்தை மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஈரம் தங்கிப் பட்டை அழுகும். கோயில் அரசமரத்துக்கும் வேம்புக்கும் மேடை கட்டும்போது சிமெண்டை அடிமரம் வரை கொண்டுபோய் ஒட்டுகிறோமே, அதுவும் இதே தவறுதான். தல விருட்சம் என்று கும்பிடும் மரத்தின் கழுத்தை நெரிப்பது எந்தச் சாத்திரத்திலும் இருக்க முடியாது.

அடுத்தது மொட்டையடித்தல். மரம் பெரிதாகிவிட்டது, பயமாக இருக்கிறது என்று உச்சியைக் கம்பம் போல அறுத்துவிடுகிறார்கள். சில மாதங்களில் அறுத்த இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர் வரும். "பார், நன்றாகத் தழைத்துவிட்டது" என்று மகிழ்வார்கள். அந்தத் துளிர்கள் கட்டையின் உள்ளிருந்து வளர்ந்தவை அல்ல, மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டவை. கீழே வெட்டுமுனை அழுகிக்கொண்டிருக்கும், மேலே துளிர் கனத்துக்கொண்டே போகும். பிறகு ஒரு மாலை மழையில் அது முறிந்து விழும். மரம் விழாமல் இருக்கச் செய்த வேலை, கிளை விழக் காரணமாகிவிடுகிறது.

கிளையை எடுக்க வேண்டுமென்றால் முறை இருக்கிறது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்த வளையம் தெரியும். அது கிளையின் கழுத்து. சுவர் எழுப்பும் வேலை அங்கேதான் நடக்கிறது. அந்தக் கழுத்தை வெட்டக் கூடாது, அதற்கு வெளியே நீட்டலாகக் குச்சி விடவும் கூடாது. பெரிய கிளையானால் மூன்று வெட்டு: முதலில் ஒரு முழம் தள்ளிக் கீழிருந்து பாதி, பிறகு அதற்கும் வெளியே மேலிருந்து முழுதாக, கடைசியில் கழுத்தை ஒட்டி. கீழ்வெட்டுப் போடாமல் அறுத்தால் கிளை தன் கனத்தில் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். வெட்டிய இடத்தில் தார், சாயம் பூசுவது பழைய பழக்கம். அது அழுகலைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. ஒரே தடவையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இலையை எடுக்கவும் கூடாது.

மண்ணின் கதை

தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போகிறவர்கள் தூங்குமூஞ்சி மரங்களின் கீழே நின்று படம் எடுக்காமல் வருவதில்லை. 1880-களில் நட்டவை. பூங்கா அமைந்த இடம் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கம். மாலையில் இலை மூடுவதால் மலாய்க்காரர்கள் இந்த மரத்தைப் 'புக்கூல் லீமா', அதாவது ஐந்து மணி மரம் என்கிறார்கள். கிளைகள் சாலையைத் தாண்டி ஏரி நீரைத் தொடும். அந்த மரத்தை ஒரு தாமானின் ஐந்தடி நடைபாதையில் நட்டால் என்ன ஆகும்? இடம் கொடுத்தால் பூங்கா, கொடுக்காவிட்டால் புகார்க் கடிதம்.

மேலே எவ்வளவு மரமோ கீழே அவ்வளவு வேர் என்று பள்ளிப் படத்தில் பார்த்திருப்போம். அது உண்மையில்லை. பெரும்பாலான வேர்கள் மேல் மண்ணில், முழங்கால் ஆழத்துக்கு உள்ளேயே இருக்கின்றன. ஆனால் கிளை விரிவையும் தாண்டிப் போகின்றன. வேருக்கும் மூச்சு வேண்டும். லாரி நின்று இறுகிய மண்ணிலும், தார் போட்ட கார் நிறுத்துமிடத்தின் அடியிலும் காற்று இல்லை. கால்வாய் அகலப்படுத்த மண்வாரி இயந்திரம் ஒரு பக்க வேரை அறுத்துவிட்டுப் போகும். அன்று மரம் ஒன்றும் சொல்லாது. சில ஆண்டுகள் கழித்துத்தான் சொல்லும்.

கிந்தா பள்ளத்தாக்கின் நிலம் இரண்டு வகை. ஈயம் கழுவி விட்ட வெறும் மணல் ஒன்று, சத்தும் நிற்காது, நீரும் நிற்காது. அதில் மரம் வருமா என்று கேட்பவர்கள் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தைப் போய்ப் பார்க்கலாம். 1920-களில் பாழடைந்த ஈயச் சுரங்க நிலத்தில் நடத் தொடங்கியது, இன்று அடர்ந்த காடு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொன்று, பழைய ரப்பர் நிலம். இங்கேதான் தோட்டத்து அனுபவம் மறுபடி உதவும். ஆரம்பத்தில் தோட்டங்களில் ஒரு புல்கூட இல்லாமல் சுத்தமாகக் கொத்தி வைத்தார்கள். துரைமாருக்கு அது அழகாகத் தெரிந்தது. மழை மேல் மண்ணை அள்ளிக்கொண்டு போனது. பிறகு புத்தி வந்து, பியுரேரியா, கலோபோகோனியம் போன்ற அவரைக் குடும்பக் கொடிகளை மரங்களுக்கு நடுவே படரவிட்டார்கள். அவை மண்ணைப் பிடித்தன, காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்த்தன. சரிவுகளில் படிக்கட்டாக மேடை வெட்டி, வண்டல் குழி தோண்டி மழைநீரை நிறுத்தினார்கள். இலையுதிரும் காலத்தில் விழுந்த இலையை யாரும் கூட்டி எரிக்கவில்லை. மக்கி உரமானது. இன்று 'நிலைத்தன்மையுள்ள நிலவனப்பு' என்று மேடையில் பேசப்படுவதில் பாதி இதுதான். ஆனால் அதே மக்கள் தாமான் வீட்டுக்கு வந்ததும் வாசல் முழுக்கச் சிமெண்ட் போட்டு, இலையைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம் என்பதை ஒரு பக்கம் வையுங்கள். எரிவது அடுத்த ஆண்டு உரம்.

பழைய ரப்பர் நிலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு: வெள்ளை வேர் நோய். புதைந்து கிடக்கும் ரப்பர் அடிக்கட்டையில் இந்தப் பூஞ்சை பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். வெள்ளைக் கயிறு போன்ற இழைகளால் பக்கத்து வேருக்குத் தாவும். ரப்பரை மட்டும் தாக்குவதில்லை, பலாவையும் மரவள்ளியையும் விடாது. வீட்டில் வைத்த பலா காரணமில்லாமல் மஞ்சளித்தால் அடி மண்ணைக் கிளறி வேரைப் பாருங்கள். மறுநடவுக்கு முன் பழைய கட்டைகளைத் தோண்டி எடுப்பது ஏன் என்று தோட்டத்தில் வேலை செய்த எந்தப் பெரியவரும் சொல்வார். வீடமைப்பு நிலத்தைச் சமன்செய்யும்போது கட்டைகளைப் புதைத்துவிட்டால், நோயை விதைத்ததாகத்தான் பொருள்.

பயமும் சட்டமும்

2024 மே 7-ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று விழுந்து ஒருவர் உயிரிழந்தார். 17 வாகனங்கள் சேதமடைந்தன. அப்படி ஒரு செய்தி வந்தால் எல்லா ஊரிலும் பெரிய மரங்களை எடுத்துவிடுங்கள் என்ற குரல் எழுவது இயற்கை. குடும்பத்தில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களிடம் நிழலின் பெருமை பேச முடியாது. ஆனால் விழக்கூடிய மரம் பெரும்பாலும் முன்னறிவிப்புத் தரும். அடியில் காளான் முளைத்தல், ஒரு பக்க மண் எழும்புதல், புதிதாகச் சாய்தல், கவட்டையில் பிளவு, உச்சிக் கிளைகள் காய்தல். இவற்றைக் கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, ஊராட்சி மன்றத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போகும்.

தாமாக வெட்டிவிடலாமா? கூடாது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டத்தில் 1995-இல் சேர்த்த பகுதியின்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை எழுத்து மூலமான அனுமதியின்றி வெட்டக் கூடாது. பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்துக்கும் விலக்கு உண்டு. உங்கள் வீட்டு வளாகத்து மரம் என்றாலும் முதலில் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

தொடர்வரிசை வீட்டு வாசலுக்குக் கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி போதும். முருங்கையை மின்கம்பிக்குக் கீழே வைக்காதீர்கள். வேம்புக்கு இடம் வேண்டும், கால்வாய் ஓரத்தில் வேண்டவே வேண்டாம். கன்றை வாங்கும்போது பையைக் கிழித்து, சுற்றிச் சுருண்ட வேரைப் பிரித்து நடுங்கள். குழி ஆழமாக வேண்டாம், அகலமாக இருக்கட்டும்.

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு செய்தி. மரப் பராமரிப்பு இன்று தனித் தொழில். கயிற்றில் ஏறுவது, அழுகலைக் கண்டறிவது, அபாய மதிப்பீடு எழுதுவது என்று வேலை விரிந்திருக்கிறது. அனைத்துலக மர வளர்ப்பாளர் சங்கத்தின் தேர்வுக்குப் பொதுவாக மூன்றாண்டு அனுபவம் தேவை. அதைவிட அருகில் இருப்பது மலேசியத் திறன் சான்றிதழ். வகுப்புக்குப் போகாதவர்களும், முன் அனுபவத்தை ஆதாரங்களோடு காட்டி மதிப்பீட்டின் வழி அதைப் பெற மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை வழி வைத்திருக்கிறது. பத்தாண்டு புல் வெட்டியவர், பூங்காவில் வேலை செய்தவர், செய்த வேலைகளைப் படம் எடுத்து, தேதியும் இடமும் எழுதி, மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு ஒரு கோப்பில் சேர்த்து வைக்கத் தொடங்கலாம். கோப்பு இல்லாததால்தான் பலருடைய அனுபவம் கணக்கில் வராமல் போகிறது. இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.